வளையுறது மட்டும் யோகா இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம். வருஷா வருஷம் ஜனவரி 4 முதல் 7 வரை புதுச்சேரியில யோகா திருவிழா நடக்குது, 2020 டிசம்பர்ல மத்திய அரசு யோகாசனத்தை போட்டி விளையாட்டாவே அங்கீகரிச்சிருச்சு, இதனால எங்க கடலூர்லயும் பெத்தவங்க புள்ளைங்கள மெடலுக்குன்னே கிளாஸ்ல சேக்கறாங்க, சந்தோஷம்தான். ஆனா போன மாசம் ஒரு கிளாஸ்ல மாஸ்டர் என் பொண்ணோட முதுகுல கால வச்சு அமுக்குனாரு, அன்னைக்கே நிறுத்திட்டேன்.

மயூராசனத்துல மொத்த ஒடம்பு வெயிட்டும் ரெண்டு மணிக்கட்டு மேல நிக்குது, தலைகீழா நின்னு தேள் கொடுக்கு மாதிரி கால பின்னால வளைக்கற விருச்சிகாசனத்துக்கு தோள்பட்டை தாங்கணும். அதுக்கு பிளாங்க், தண்டால்னு மாசக்கணக்குல பலம் ஏத்தணும். போட்டில ஆசனத்துல ஆடாம மூச்சு சீரா நிக்கறதுக்கும் மார்க் இருக்கு, ரப்பர் மாதிரி வளைஞ்சா மட்டும் பத்தாது. இப்ப காலைல சில்வர் பீச்ல நாங்களே ஓடுறோம் (மணல்ல ஓடி எனக்குத்தான் மூச்சு வாங்குது!).

புதுச்சேரி, கடலூர்னு ரெண்டு ஊர் விளையாட்டுத் துறையும் பயிற்சியாளர்களோட தகுதிய செக் பண்ணணும், சின்ன புள்ளைங்கள அமுக்கி வளைக்கறத தடை பண்ணணும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்