பாப்பாவுக்கு, பிளாக்ஸ்டிராப் போய்வந்த விவரம்

சஸ்கட்டூன்
ஜூலை, ஞாயிறு இரவு

பாப்பா,

இந்த நேரத்தில் போன் செய்தால் நீ ஷிப்டில் இருப்பாய். அதனால் எழுதுகிறேன். நீ பேசி ஐந்து ஞாயிறு ஆயிற்று. கணக்கு வைத்தது அம்மா, நான் இல்லை.

காலையில் பிளாக்ஸ்டிராப் ஏரிக்குப் போனேன், தனியாகத்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி. பச்சைக் கெனோவை, நம் துடுப்புப் படகை, கார்மேல் ஏற்றப் பக்கத்து வீட்டுப் பையன் கைகொடுத்தான். வழி முழுக்க கனோலா வயலின் மஞ்சள். டன்டர்ன் ஊர் நெருங்கியதும் நான் பாடம் ஆரம்பிப்பேனே, 1967-ல் பள்ளத்தாக்கை மறித்து அணை போட்டார்கள், டீஃபன்பேக்கர் ஏரித் தண்ணீரைக் கால்வாயில் கொண்டுவந்தார்கள், ஏரிக்கரை மலைகூட 1971 கனடா குளிர்கால விளையாட்டுப் போட்டிக்காக மண் கொட்டி உயர்த்தியது என்று. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாய். இன்றும் பாதிப் பாடம் வாய்விட்டே நடத்திவிட்டேன்.

இருவர் படகைத் தனி ஆள் ஓட்டினால் பின்னால் உட்காரக் கூடாது. மூக்கு தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துச் சுற்றிவிடும். முன் இருக்கையில், அதாவது உன் இடத்தில், திரும்பி உட்கார்ந்து பின்பக்கத்தையே முன்னால் விட்டு ஓட்ட வேண்டும். என் இடத்தில் தண்ணீர்க் கேனை வைத்தேன், படகு சமமாக நின்றது. உன் இருக்கையில் பிரம்பு ஒரு மூலையில் அறுந்து, தொடையில் குத்திக்கொண்டே இருந்தது. ரொம்ப நாள் அறுபட்டது போலிருக்கிறது. நீ ஒருநாளும் சொன்னதில்லையே?

நாணல் ஓரம் ஒரு கிரீப் பறவை, முதுகில் குஞ்சை ஏற்றிக்கொண்டு போயிற்று. பெலிகன் ஏழு. லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தேன், விசிலும் 15 மீட்டர் மிதக்கும் கயிறும் இருந்தன, பயப்படாதே. நீயும் அங்கே ஏரிப்பக்கம் போனால் ஜாக்கெட்டைப் படகில் போட்டு வைப்பது போதாது. மாட்டிக்கொண்டு கிளிப் போட வேண்டும். ஒன்பது மணிக்கெல்லாம் பள்ளத்தாக்கின் நீளவாட்டில் காற்று கிளம்பிவிட்டது. மண்டியிட்டுக் கரையோரமாகவே வந்துவிட்டேன். போனது மொத்தம் ஒன்றரை மணி நேரம்கூட இருக்காது.

சாப்பிடுகிறாயா? கோயிலில் கேட்டார்கள், என் பெண் ராத்திரி முழுக்க ஒற்றை ஆளாக பார்மசியைப் பார்த்துக்கொள்கிறாள் என்றேன். பெருமையாகத்தான் இருந்தது. அடுத்து, அடிக்கடி பேசுவாளா என்றார்கள். பிரசாதம் வாங்கப் போவதுபோல் நகர்ந்துவிட்டேன். இரண்டு நிமிஷம் பேச உனக்கு நேரமில்லையா?

கடைசியாகப் பேசியபோது பின்னால் டேப் இழுக்கிற சத்தம் கேட்டது, பெட்டி கட்டுகிற டேப். அம்மா கவனிக்கவில்லை. மாப்பிள்ளை சௌக்கியமா என்றதற்கு ‘ம்’ என்றாய். நான் ஒன்றும் கேட்கவில்லை, இப்போதும் கேட்கவில்லை. ஜாக்கெட்டுக்குக் கிளிப் மட்டும் போட்டுக்கொள்.

படகு கவிழ்ந்த இடத்தைத் தாண்டித்தான் இன்று வந்தேன். அப்போது உனக்குப் பதினோரு வயது. பெலிகனைப் போட்டோ எடுக்க எழுந்து நின்றது நான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் “பாப்பா எழுந்து நின்னுட்டா” என்று சொன்னதும் நான்தான். துண்டைப் போர்த்திக்கொண்டு சமையலறை வாசலில் நின்றவள் என்னைப் பார்த்தாய். ஒன்றும் சொல்லவில்லை.

அதற்கப்புறம் நீ டொரண்டோ போகிறேன் என்றபோதும், இந்தப் பையனைத்தான் கட்டிக்கொள்வேன் என்றபோதும் “படகில எழுந்து நின்னவதானே” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். காவிரிக்கரையில் பிறந்தவன் என்று பீற்றிக்கொள்கிறவனுக்கு நீச்சல் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும் என்ற பயம், வேறொன்றுமில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் உன் தோளைப் பிடித்துக்கொண்டு கத்தியது யார் என்று உனக்குத் தெரியும்.

இன்று வந்ததும் அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அப்புறம் அடுப்பை அணைத்துவிட்டு, “என்கிட்ட சொல்லி என்ன, அவளுக்கு எழுதுங்க” என்றாள். ஷிப்ட் என்று மேலே எழுதியதெல்லாம் சும்மா.

பழைய முகவரிக்கே போடுகிறேன். அங்கே சேராவிட்டால் திரும்பி வரும், நான் தெரிந்துகொள்வேன். பிரம்பை ஆகஸ்டுக்குள் பின்னிவிடுவேன். உன் அறையில் போட்டு வைத்திருந்த துடுப்பு, கயிறு, பழைய பெட்டிகள் எல்லாவற்றையும் சாயங்காலம் கராஜுக்கு மாற்றிவிட்டேன். காரணம் ஒன்றும் இல்லை, அங்கே இடம் இருந்தது.

அப்பா