டவர் பாறையிலிருந்து டிராய்க்கு ஒரு திறந்த மடல்

இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) தலைவர் மற்றும் உறுப்பினர்கள் அவர்களுக்கு,

வணக்கம்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரிலிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் ஒரு சிற்றூர்க்காரன் நான். டெலிபோன் டிபார்ட்மெண்டில் லைன்மேனாகச் சேர்ந்து, கேபிளும் கம்பமுமாக முப்பது வருடம் அலைந்து, ஓய்வு பெற்று ஊரோடு வந்துவிட்டேன். ஊருக்கெல்லாம் போன் இழுத்துக் கொடுத்தவர் வீட்டில் போன் எடுக்காது என்று இங்கே ஒரு கிண்டல் உண்டு. கிண்டல் இல்லை, உண்மைதான்.

என் வீட்டுத் திண்ணைத் தூணில், தலைக்கு மேலே, ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கம்பி போட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். செல்போன் அதற்குள் இருந்தால் ஒரு கோடு சிக்னல் வரும். நல்ல நாளாக இருந்தால் இரண்டு கோடு. கையில் எடுத்துக் காதில் வைத்தால் போச்சு. அதனால் எங்கள் வீட்டில் எல்லாப் பேச்சும் ஸ்பீக்கரில்தான். வேலூரில் கட்டிக்கொடுத்த மகள் மாமியாரைப் பற்றி வாயைத் திறந்தால், அவள் அம்மா தெருவை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "அப்புறம் பேசுறேன்டி" என்று வைத்துவிடுவாள். பேங்க் அனுப்பும் ஓடிபி டப்பாவுக்கு வந்து சேரும்போது அங்கே நேரம் முடிந்திருக்கும். நூறு நாள் வேலைக்குத் தினமும் இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும் என்று 2023 ஜனவரியில் கட்டாயமாக்கினார்கள். எங்கள் பணித்தளப் பொறுப்பாளர் ஒரு சின்னப் பெண். ஏரிக்கரையில் போட்டோவை எடுத்துவிட்டு, அதை அனுப்புவதற்காக அரை மணி நேரம் மேடேறிப் பாறைமேல் போய் நிற்பாள். அந்தப் பாறைக்கு எங்கள் தாத்தா காலத்தில் வேறு பெயர். இப்போது சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அது டவர் பாறை.

எந்தக் கம்பெனி என்று நான் சொல்லப் போவதில்லை. சிம்மை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தாயிற்று, எல்லாம் ஏறக்குறைய ஒரே கதைதான். என் குறை உங்களிடம்.

உங்கள் 2024 ஆம் ஆண்டு சேவைத்தர விதிமுறைகளின்படி, எந்த ஊரில் எந்தத் தலைமுறை சேவை (2ஜி, 4ஜி, 5ஜி என்று) கிடைக்கிறது என்ற வரைபடத்தைக் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் போட்டாக வேண்டும். நல்ல காரியம், கையெடுத்துக் கும்பிடுகிறேன். பேரன் லேப்டாப்பில் அதைத் திறந்து காட்டினான் (திருவண்ணாமலையில் அவன் ஹாஸ்டலில் வைத்துத்தான், இங்கே திறக்காது). எங்கள் ஊர், காடு, ஓடை, டவர் பாறை எல்லாம் ஒரே வண்ணத்தில் பூசிக் கிடக்கிறது. கம்ப்யூட்டர் போடும் கணக்கு அது. டவர் உயரம், பவர், தூரம் எல்லாம் வைத்து இதுவரைக்கும் எட்டும் என்று அது சொல்கிறது. எட்டுகிறதா என்று இங்கே வந்து யாரும் பார்க்கவில்லை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவுமா?

ஆனால் வரைபடம் சின்ன விஷயம். கோளாறு கணக்கெடுக்கும் அலகில் இருக்கிறது. அலைக்கற்றையை, அதாவது செல்போன் பேச்சைச் சுமக்கும் ரேடியோ அலைகளை, வட்டம் வட்டமாக ஏலம் விடுகிறோம். தமிழ்நாடு முழுவதும் ஒரே வட்டம், சென்னையும் அதற்குள். வாங்கியவர் எங்கெல்லாம் சேவை தர வேண்டும் என்ற நிபந்தனையில் மாவட்டத் தலைநகரத்தையும் ஒன்றியத் தலைநகரத்தையும்தான் பெரும்பாலும் எண்ணுகிறார்கள். எங்கள் ஒன்றியத்துக்குத் தலைநகரம் ஜமுனாமரத்தூர். அங்கே பஸ் ஸ்டாண்டில் நின்றால் போன் பளிச்சென்று பேசும். அதோடு மலை முழுவதற்கும் டிக் விழுந்துவிடுகிறது. 2023 தொலைத்தொடர்புச் சட்டத்தின் 7 ஆம் பிரிவு, தகுந்த காரணமில்லாமல் பயன்படுத்தாமல் கிடக்கும் அலைக்கற்றையை அரசு திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்கிறது. படிக்க இனிப்பாகத்தான் இருக்கிறது. அண்ணா சாலையில் ஒரு டவரில் அந்த அலை ஓடினால், ஜவ்வாதிலும் அது 'பயன்பாட்டில்' இருப்பதாகத்தானே ஆகிறது?

இதே மலையில் காவலூரில் 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்று இருக்கிறது. எத்தனையோ ஒளியாண்டு தாண்டி வரும் வெளிச்சத்தை அது பிடித்துவிடும். நாங்கள் ஜமுனாமரத்தூரைப் பிடிக்கத் திணறுகிறோம்.

மலைக்கென்றே பொருத்தமான அலை இல்லாமல் இல்லை. 3300 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 5ஜி அலையின் நீளம் ஒன்பது சென்டிமீட்டர்தான். ஒரு மேடு, நாலு பலாமரம் வந்தாலே படுத்துவிடும். 700 மெகாஹெர்ட்ஸ் அலை நாற்பத்து மூன்று சென்டிமீட்டர். மலையைத் துளைத்துக்கொண்டு போகாதுதான், ஆனால் மேட்டை வளைந்து, தழையைத் தாண்டி, ஒரே டவரிலிருந்து வெகுதூரம் போகும். டவர் எண்ணிக்கை குறைந்தால் மலைக்காட்டில் எவ்வளவு மிச்சம் என்று கம்பம் சுமந்தவனுக்குத் தெரியும்.

அந்த 700க்கு என்ன நடந்தது என்பது உங்களுக்கு நினைவிருக்கும். 2016 ஏலத்துக்கு, நாடு முழுவதற்குமாக ஒரு மெகாஹெர்ட்ஸுக்கு 11,485 கோடி ரூபாய் என்று அடிப்படை விலையைப் பரிந்துரைத்தது உங்கள் ஆணையம். ஒருவரும் கேட்கவில்லை. 2021 இல் 6,568 கோடி. அப்போதும் ஆள் இல்லை. 2022 இல் 3,927 கோடிக்கு இறங்கிய பிறகுதான் ஜியோ வாங்கியது, அடுத்த ஆண்டு பிஎஸ்என்எல்லுக்கும் ஒதுக்கினார்கள். முதலில் சொன்ன விலையில் மூன்றில் ஒரு பங்குக்கு வருவதற்கு ஆறு வருடம். நெல்லாவது குடோனில் கிடந்தால் பின்னால் விற்கலாம். ஓடாத அலையை எந்த மூட்டையில் கட்டி வைப்பது? அந்த ஆறு வருடம் கஜானாவுக்கும் போகவில்லை, எங்களுக்கும் வரவில்லை. 2022 இல் முதல்முறை ஏலத்துக்கு வந்த 600 மெகாஹெர்ட்ஸையும் யாரும் தொடவில்லை.

ஜெர்மனிக்காரர்கள் 2010 இல் 800 மெகாஹெர்ட்ஸை ஏலம் விட்டபோது ஒரு வேலை செய்தார்கள். பிராட்பேண்ட் எட்டாத ஊர்களை மக்கள்தொகைப்படி வகை பிரித்து, ஐயாயிரம் பேருக்குக் குறைந்த ஊர்களில் முதலில் கட்டு, அதில் தொண்ணூறு சதவீதம் முடித்தால்தான் அடுத்த வகைக்குப் போகலாம், பெரிய நகரம் கடைசியில் என்று நிபந்தனை போட்டார்கள். நாம் தலைநகரங்களிலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வருகிறோம், அவர்கள் குக்கிராமத்திலிருந்து மேலே எண்ணினார்கள்.

நான் கேட்பதும் அதுதான். 600, 700, 800 போன்ற தாழ்ந்த அலைகளுக்கு அடுத்த முறை பரிந்துரை எழுதும்போது, விலையைக் குறைத்துக்கொள்ளுங்கள், அதற்கு ஈடாக நிபந்தனையை ஏற்றுங்கள். எண்ணும் அலகு குக்கிராமமாக இருக்கட்டும். ஒரு ஒன்றியத்துக்குள் ஓட்டாத அலையை அந்த ஒன்றியத்துக்கு மட்டும் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விடச் சொல்லுங்கள். குத்தகைக்குச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது.

கம்பெனிகள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. இருநூறு வீட்டுக்கு ஒரு டவர் நட்டு, வனத்துறை அனுமதிக்கு அலைந்து, டீசலை ஜீப்பில் ஏற்றி வந்தால் கட்டுப்படியாகாது. அதற்காகத்தானே அவர்கள் வருவாயில் ஐந்து சதவீதம் கிராமங்களுக்குத் தொலைத்தொடர்பு கொண்டுபோக அரசு வைத்திருக்கும் டிஜிட்டல் பாரத் நிதிக்குப் போகிறது? அந்தப் பணத்தில் நட்ட டவர்களில் எந்த 4ஜி சிம்மும் பேசலாம் என்று 2025 ஜனவரியில் அரசு ஏற்பாடு செய்தது. ஒரே கம்பெனி டவர் மட்டும் இருக்கும் மலையூர்களில், அது யார் பணத்தில் நின்றாலும், அதே வசதியைத் தரலாம். வாடகையைக் கம்பெனிகள் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளட்டும். இங்கே பாதிப் பேர் இரண்டு சிம்முக்கு ரீசார்ஜ் செய்கிறார்கள், அதுவும் 2024 ஜூலையில் விலை ஏறிய பிறகு.

கடைசியாக ஒன்று. சிக்னல் அளக்கும் உங்கள் சோதனை வண்டி நெடுஞ்சாலையிலும் நகரத்திலும் ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். அதை ஒரு தடவை ஜமுனாமரத்தூர் தாண்டி அனுப்புங்கள். வண்டி வராத இடத்துக்குக் கருவியை நான் தோளில் தூக்கி வருகிறேன், பழக்கம்தான். வருமுன் போன் செய்தால் நல்லது. முதல் தடவை கிடைக்காது, இரண்டு மூன்று முறை அடியுங்கள். எடுத்ததும் ரகசியம் எதுவும் சொல்லிவிடாதீர்கள், டப்பாவில்தான் இருப்பேன், தெருவே கேட்கும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற லைன்மேன் ஒருவன்,
ஜவ்வாது மலை