ஈறுக்கு மாத்திரை எப்போது?

அன்புள்ள கண்ணனுக்கு, அம்மா எழுதுவது.

நீ அனுப்பிய ரிப்போர்ட்டைப் பார்த்தேன். பல பற்களில் பாக்கெட் ஆழம், அதாவது ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான பள்ளத்தின் ஆழம், 6, 7 மில்லிமீட்டர் என்று குறித்திருக்கிறார்கள். ஈறு நன்றாக இருந்தால் 3-க்குள் நிற்க வேண்டியது. டீப் கிளீனிங்கோடு ஆன்டிபயாட்டிக்கும் சேர்க்கலாம் என்று டாக்டர் சொன்னது சரிதான். எல்லாருக்கும் இப்படிக் கொடுப்பதில்லை, பெரும்பாலானவர்களுக்குச் சுத்தம் செய்வதே போதும். உன்னைப் போல இளம் வயதிலேயே பல பற்களில் பல்லைத் தாங்கும் எலும்பு வேகமாகக் கரைகிறவர்களுக்குத்தான் மாத்திரையால் கூடுதல் பலன்.

ஆனால் "லீவு கிடைக்கிறவரை மாத்திரையை மட்டும் போட்டுக்கொள்கிறேன்" என்கிறாயே, அதை மட்டும் செய்யாதேப்பா. பல் வேரில் இருக்கும் கிருமிகள் பிசின் போன்ற ஒரு படலத்துக்குள் கூட்டமாக ஒட்டியிருக்கின்றன. ரத்தம் வழியாக வரும் மருந்து அதற்குள் சரியாக வேலை செய்யாது. சில நாள் ரத்தக்கசிவு குறையும், சரியாகிவிட்டதென்று இருந்துவிடுவாய். ஈறுக்கு அடியில் கல்லாக இறுகிய காரை அப்படியே இருக்கும், மருந்துக்கு அடங்காத கிருமிகள் மிஞ்சிப் பெருகும். அப்புறம் நிஜமாகவே மருந்து தேவைப்படும் நேரத்தில் அது கேட்காது.

முதலில் படலத்தை உடைக்க வேண்டும். ஈறு மரத்துப்போக ஊசி போட்டு, அல்ட்ராசோனிக் கருவியாலும் கியூரெட் என்ற சுரண்டும் கைக்கருவியாலும் ஈறுக்கு அடியில் வேரைச் சுரண்டுவார்கள். கருவியின் முனை சொரசொரப்பில் தட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்வரை விடமாட்டார்கள். வாய் முழுவதையும் ஒரு வாரத்துக்குள் முடித்துத் தரச் சொல்லிக் கேள். மாதக்கணக்கில் இழுத்தால் மாத்திரையை எந்த நாளில் தொடங்குவது? சுத்தம் முடிகிற அன்றைக்கே தொடங்குவதுதான் நல்லது.

உன் சீட்டில் இருப்பது வழக்கமான அளவுதான்: அமாக்ஸிசிலின் 500 மி.கி., மெட்ரோனிடசோல் 400 மி.கி., இரண்டும் தினம் 3 வேளை, 7 நாள். பென்சிலின் வகை மருந்தால் எப்போதாவது தடிப்போ மூச்சுத்திணறலோ வந்திருந்தால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிடு, வேறு மருந்து தருவார். மெட்ரோனிடசோலைச் சாப்பிட்ட பிறகு போடு. வாயில் உலோகச் சுவை தட்டும், சிறுநீர் கருக்கலாம், பயப்படாதே. மருந்து முடிந்து 3 நாள் ஆகும்வரை மது கூடவே கூடாது, ஆல்கஹால் கலந்த மவுத்வாஷும் வேண்டாம். பேதி கடுமையானாலோ ரத்தம் கலந்து போனாலோ மாத்திரையை நிறுத்திவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடு. அப்படி எதுவும் இல்லாதபோது, வலி போய்விட்டதே என்று நாலாம் நாள் நிறுத்திவிடாதே.

கிருமியைக் கொல்லும் மவுத்வாஷான குளோர்ஹெக்சிடின் 0.2 சதவீதம் கொடுத்தால் 10 மி.லி. எடுத்து ஒரு நிமிடம் கொப்பளி. பேஸ்ட்டால் துலக்கிய கையோடு கொப்பளித்தால் வீரியம் போய்விடும், அரை மணி இடைவெளி விடு. இரண்டு வாரத்துக்கு மேல் தொடராதே, பல்லில் பழுப்புக் கறை ஏறும்.

வீக்கம் வடிந்ததும் ஈறு கீழிறங்கி, பல் இடுக்கில் சந்து தெரியும், குளிர்ந்த தண்ணீர் கூசும். கிளீனிங்தான் பல்லைக் கெடுத்துவிட்டது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள். வீக்கம் மறைத்திருந்த இழப்புதான் அது, கூச்சம் சில வாரங்களில் குறையும். அந்தச் சந்துகளை இடுக்குப் பிரஷ்ஷால் தினமும் சுத்தம் செய். உள்ளே இறுக்கமாகப் போகிற அளவு வேண்டும், ஆனால் திணிக்கக் கூடாது. ஒரே அளவு எல்லா இடுக்குக்கும் பொருந்தாது, டாக்டரிடமே அளந்து வாங்கு.

சிகரெட் இருந்தால் இப்போதே விடு. அது ரத்தக்கசிவை மறைத்து நோயை வளர்க்கும், ஆறவும் விடாது. இந்த வயதில் ஈறு இவ்வளவு கெட்டிருப்பதால் சில மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ஹெச்பிஏ1சி ரத்தப் பரிசோதனையும் செய்துகொள். சர்க்கரை கட்டுப்படாமல் இருந்தால் ஈறு தேறுவது கஷ்டம்.

மூன்று மாதம் கழித்து பாக்கெட் ஆழத்தை மறுபடி அளப்பார்கள். 4-க்குள் வந்து ரத்தம் வராமல் இருந்தால் நல்லது. எங்காவது 6 மில்லிமீட்டர் ஆழம் இன்னும் மிச்சமிருந்தால் அந்த இடத்தை மறுபடி சுத்தம் செய்வதா, ஈறைத் திறந்து அறுவை செய்வதா என்று கேள், இன்னொரு கோர்ஸ் மாத்திரை கேட்காதே.

லீவுக்கு இன்றே எழுதிப் போடு. ஊசி போட்ட அன்று உதட்டில் உணர்வு திரும்பும்வரை சூடாக எதுவும் குடிக்காதே.

அம்மா