கம்பம் பள்ளத்தாக்குக்குச் சைக்கிளில் வரும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதுரை, திண்டுக்கல், கோவை, சென்னை என்று பல ஊர்களிலிருந்தும் சனி, ஞாயிறுகளில் ரோடு பைக்கோடு தேனியில் வந்து இறங்கும் சைக்கிள் குழுக்களுக்கு,

வணக்கம். நான் இங்கே திராட்சைத் தோட்டம் வைத்திருப்பவன். வராதீர்கள் என்று சொல்ல இதை எழுதவில்லை. தாராளமாக வாருங்கள். வருகிற வழியையும் நேரத்தையும் கொஞ்சம் மாற்றிக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வருவது பெரும்பாலும் மலை ஏறத்தான். தேனியில் இரவு தங்குகிறீர்கள். விடியும் முன் கிளம்பி தேசிய நெடுஞ்சாலை 183ஐப் பிடித்து, சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம், கூடலூர் என்று ஒவ்வொன்றாகத் தாண்டி, மலையடிவாரத்து லோயர் கேம்பில் ஒரு டீ குடித்துவிட்டு, குமுளி ஏறிப் போட்டோ எடுத்துக்கொண்டு திரும்புகிறீர்கள். இன்னொரு கூட்டம் சின்னமனூரில் திரும்பி மேகமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளுக்குப் போகிறது. சைக்கிள் ஓட்டத்தைப் பதியும் ஸ்ட்ராவா செயலியில் நேரம் பதிவது அந்த ஏற்றத்துக்குத்தான். அதற்கு முன்னால் வரும் ஐம்பது கிலோமீட்டர் உங்களுக்கு வெறும் வார்ம்-அப். நாங்கள் குடியிருப்பது அந்த ஐம்பது கிலோமீட்டரில்.

பிரெவே, அதாவது நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம், ஓட்டுபவர்களை இதில் சேர்க்கவில்லை. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் முடித்தாக வேண்டும் என்று கணக்கு வைத்து ஓட்டுபவரிடம் போய் "நின்று தோட்டத்தைப் பாருங்கள்" என்றால் அடிக்க வருவார். நான் பேசுவது மற்றவர்களிடம்.

நெடுஞ்சாலையிலேயே போனால் இந்தப் பள்ளத்தாக்கில் பாதி கண்ணில் படாது. தென்னை தெரியும், நெல் வயல் தெரியும், லாரியின் பின்பக்கம் நன்றாகவே தெரியும். திராட்சை கிழக்கே இருக்கிறது. உத்தமபாளையத்தில் இடது பக்கம் திரும்பி ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி, கே.கே.பட்டி, என்.டி.பட்டி, சுருளிப்பட்டி என்று மேகமலை அடிவாரத்தை ஒட்டியே ஓட்டி, கம்பத்தில் மறுபடி நெடுஞ்சாலையைப் பிடிக்கலாம். பெரிய ஏற்றம் எதுவும் இல்லை. இடது கைப் பக்கம் மேகமலை கூடவே வரும். வலது பக்கம், பள்ளத்தாக்குக்கு அந்தப்புறம், ஏலமலை. சுருளி அருவிக்குப் போய்த் திரும்பினால் இன்னும் கொஞ்ச தூரம் கூடும், அவ்வளவுதான்.

இந்தச் சாலையில் வேகத்தைக் குறைத்தால்தான் பந்தலுக்குள் பார்க்க முடியும். கல்தூண் நட்டு, மேலே குறுக்கும் நெடுக்குமாகக் கம்பி இழுத்து, ஆள் உயரத்தில் கொடியைப் படரவிட்டிருப்போம். உள்ளே பச்சை நிழல். குலைகள் எல்லாம் கீழ்நோக்கித் தொங்கும். இலை மேல் நீலமும் வெள்ளையுமாகத் திட்டுத் திட்டாகத் தெரிவது போர்டோ கலவை, அதாவது மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்த்த பூஞ்சாண மருந்து. தூணிலும் கம்பியிலும்கூட அந்த நிறம் ஏறியிருக்கும். ஒரு பந்தலில் கவாத்து, அதாவது கிளை வெட்டுவது, முடிந்து கொடி மொட்டையாக நிற்கும். பக்கத்துப் பந்தலில் பூ. அதற்கடுத்ததில் அறுவடை நடந்து பெட்டி அடுக்கிக்கொண்டிருப்பார்கள். நாட்டின் மற்ற திராட்சைப் பகுதிகளில் பழத்துக்கு என்று ஒரு பருவம் உண்டு. இங்கே வருடம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்தில் பழம் இருக்கும். கவாத்து பண்ணிய நாளிலிருந்து ஏறக்குறைய நாலு மாதத்தில் அறுவடை வந்துவிடும் என்பதால் ஆளுக்கொரு நாள் பார்த்துக் கவாத்து பண்ணுகிறோம். 1832இல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த கொடி என்பார்கள். 2023இல் 'கம்பம் பன்னீர் திராட்சை'க்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

சரி, இவ்வளவு ஆசை காட்டிவிட்டு நிபந்தனையும் போடுகிறேன்.

பந்தலுக்குள் நுழையாதீர்கள். போட்டோவுக்குக்கூட வேண்டாம். பழத்தின் மேல் மெல்லிய சாம்பல் பூச்சு ஒன்று இருக்கும். விரல் பட்டால் அந்த இடம் பளபளவென்று ஆகிவிடும், பிறகு திரும்ப வராது. வியாபாரி குலையைத் தூக்கிப் பார்த்ததும் முதலில் அதைத்தான் சொல்லி விலையைக் குறைப்பார். போன முறை வந்த ஒரு குழு எங்கள் பந்தலில் வரிசையாக நின்று ஆளுக்கொரு குலையைக் கன்னத்தில் வைத்துப் படம் எடுத்துக்கொண்டது. ஒரு பழத்தைக்கூடப் பறிக்கவில்லை. நல்ல பிள்ளைகள்தான். ஆனால் அந்த வரிசைக் குலைகளைப் பெட்டியின் அடியில்தான் வைக்க முடிந்தது.

மருந்து அடிக்கும் தோட்டத்தைக் கடக்கும்போது வாயை மூடிக்கொண்டு ஓட்டுங்கள். கேலிக்குச் சொல்லவில்லை. மூச்சிரைக்க ஓட்டுபவர் நெஞ்சுக்குள் இழுக்கும் காற்று அதிகம். காலையில்தான் பெரும்பாலும் அடிப்போம்.

அப்புறம் டயர். 25, 28 மில்லிமீட்டர் ஒல்லி டயரோடு வருபவர்கள் கூடுதலாக ஒரு டியூப் வைத்துக்கொள்ளுங்கள். பந்தல் பழுது பார்க்கும்போது வெட்டிப்போடும் கம்பித் துண்டுகள் சாலையோரத்தில் கிடக்கும், கருவேல முள்ளைவிட மோசம். நாங்களும் பொறுக்கிப் போடப் பழக வேண்டும், ஒத்துக்கொள்கிறேன்.

உள்சாலை அகலம் குறைவு. மூன்று பேர் சேர்ந்தாற்போல் பேசிக்கொண்டு போனால், கூலிக்கு ஆள் ஏற்றிவரும் ஆட்டோ பின்னாலேயே ஊர்ந்து வரவேண்டியதுதான். அதில் வரும் பெண்களுக்கு நேரம் தவறினால் அன்றைய வேலைக்கே சிக்கல். உங்கள் பின்னால் தண்ணீரும் வாழைப்பழமும் சுமந்து வரும் கார் இன்னும் தொல்லை. அதைக் கம்பத்துக்கு அனுப்பிவிடுங்கள். இந்தப் பக்கம் ஊருக்கு ஊர் டீக்கடை உண்டு, வாழைப்பழமும் உண்டு.

மலை ஏறியே தீருவேன் என்பவர்களுக்கு நேரம் பற்றி ஒரு வார்த்தை. விடியற்காலையில், கம்பத்திலிருந்து கேரளத்துக்கு ஏறும் கம்பம்மெட்டுச் சாலையிலும் குமுளிச் சாலையிலும் போகக் கூடாது. கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் அந்த நேரத்தில்தான் ஏறும். ஒரு ஜீப்பில் எத்தனை பேர் இருப்பார்கள், வளைவில் எப்படித் திரும்புவார்கள் என்பதெல்லாம் இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. சாயங்காலம் அதே ஜீப்புகள் இறங்கும். ஆகவே காலையில் திராட்சைச் சாலையை முடித்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் லோயர் கேம்புக்கு வாருங்கள். வெயில் ஏறிவிடுமே என்பீர்கள். குமுளிச் சாலையில் பாதி தூரம் காட்டு நிழல். ஏறும்போது பெரியாறு நீர்மின் நிலையத்துக்கு மலையிலிருந்து இறங்கும் ராட்சதக் குழாய்களையும் பார்க்கலாம். 1895இல் அணை கட்டி, மேற்கே போன ஆற்றைச் சுரங்கம் வழியாக இந்தப் பக்கம் திருப்பிய தண்ணீர் அதில் வருகிறது. கீழே நீங்கள் தாண்டி வந்த 14,707 ஏக்கர் இருபோக நெல்லும் அந்தத் தண்ணீரில்தான் விளைகிறது.

மேகமலைக்கு வனத்துறை நேரக் கட்டுப்பாடு உண்டு. செக்போஸ்டில் வாக்குவாதம் வேண்டாம். 2021 முதல் அது புலிகள் காப்பகம். 2023 மே மாதம் அரிக்கொம்பன் என்ற காட்டு யானை கம்பம் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டு, பிறகு சண்முகாநதி அணைப் பக்கம் நாட்கணக்கில் சுற்றிக்கொண்டிருந்தது. நான் உங்களை ஓட்டச் சொல்லும் ராயப்பன்பட்டிக்குப் பக்கத்தில்தான் அந்த அணை. அதனால் அடிவாரச் சாலையிலும் இருட்டில் விளக்குப் போட்டுக்கொண்டு வீரம் காட்ட வேண்டாம். நன்றாக விடியட்டும்.

எந்த மாதம் வருவது? ஆனி, ஆடியில் குமுளிக் கணவாய் வழியாக இறங்கும் காற்று நேராக முகத்தில் அடிக்கும். தேனியிலிருந்து தெற்கே ஓட்டுபவர் சமவெளியிலேயே மலை ஏறும் கியரில் மிதிக்க வேண்டும். திரும்பும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு போய்த் தேனியில் விடும் என்பது மட்டும் ஆறுதல். ஐப்பசி மழையில் பழம் வெடிக்கும், எங்கள் முகத்தைப் பார்க்கவே உங்களுக்குப் பிடிக்காது. கார்த்திகை பிறந்தால் ஐயப்பன் சீசன். கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்க என்று வண்டிகளைத் திருப்பிவிடுவார்கள். மகரஜோதி முடியும்வரை இரண்டு மலைச்சாலையிலும் சைக்கிளுக்கு இடமில்லை.

மிச்சம் இருப்பது தை பாதியிலிருந்து பங்குனி வரை. காற்று அடங்கியிருக்கும், மழை இருக்காது, காலைக் குளிர் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அதே மாதங்களில்தான் மகாராஷ்டிரத்து விதையில்லாத் திராட்சை சந்தையில் வந்து குவியும், எங்கள் பன்னீர் திராட்சையின் விலை இறங்கும். அதனால் அப்போது வாருங்கள். அறுவடை நடக்கும் தோட்டத்தின் ஓரத்தில் நின்று, வெளியிலிருந்தே குரல் கொடுத்து, எடை போட்டு வாங்குங்கள். நன்றாகக் கழுவிவிட்டு அங்கேயே சாப்பிடுங்கள், கொட்டை இருக்கும். ஜெர்சி பாக்கெட்டில் போட்டுக்கொண்டு போனால் தேனி போவதற்குள் முதுகெல்லாம் சாறாகிவிடும். வீட்டுக்கும் வேண்டுமென்றால், கம்பத்துக்கு அனுப்பிவைத்த அந்தக் காரைத் திரும்ப வரச்சொல்லுங்கள், பெட்டியாகவே ஏற்றிவிடலாம்.

இப்படிக்கு,
கே.கே.பட்டிப் பக்கம் பந்தல் போட்டிருக்கும், சைக்கிளும் ஓட்டும் ஒருவன்