பேருந்துக் கட்டணம் யார் தருவது: ஒரேகனிலிருந்து ஒரு கடிதம்

போர்ட்லாந்து, ஒரேகன்

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனம் நிம்மதியடைந்தது. இங்கே எல்லோரும் நலம். சின்னவள் ஆறாம் வகுப்பை முடிக்கப் போகிறாள். உன் பள்ளியின் சுற்றுச்சூழல் மன்றமான பசுமைப் படைக்கு மறுபடியும் நீயே பொறுப்பாசிரியர் ஆகியிருக்கிறாய் என்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளைகளைப் பள்ளிக்குப் பின்னால் இருக்கும் ஏரிக்கு அழைத்துச் செல்ல அனுமதி கேட்டு எழுதி, வாரக்கணக்கில் பதிலே வரவில்லை என்று நீ எழுதியிருந்தது வருத்தமாக இருந்தது. கடைசியில் ஒன்று கேட்டிருந்தாய்: "அரசாங்கம் ஆணை போட்டு ஒரு பிள்ளைக்குக் காட்டின் மேல் பிரியம் வரவழைத்துவிட முடியுமா?" அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதத்தைக் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

பிரியம் ஆணையால் வராது என்பதில் உனக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் அந்தப் பிரியம் முளைப்பதற்கு முன்பே குறுக்கே நிற்கும் தடைகள் இருக்கின்றனவே, அவை பெரும்பாலும் பேருந்துக் கட்டணம், மழைக்கோட்டு, உடன் வரப் பெரியவர்கள், ஏதாவது நடந்துவிட்டால் யார் பொறுப்பு என்ற அச்சம் என்று மிகச் சாதாரணமானவையாகவே இருக்கின்றன. வசதியுள்ள பெற்றோர் இவற்றைத் தாங்களே சமாளித்துக்கொள்கிறார்கள். மற்றவர்களுக்காக இவற்றை நீக்கக்கூடியது அரசு ஒன்றுதான். இந்த மாநிலத்தில் நடந்ததைப் பார்த்த பிறகுதான் எனக்கு இது தெளிவானது.

ஒரேகனில் 'அவுட்டோர் ஸ்கூல்' என்று ஒரு வழக்கம் இருக்கிறது. ஐந்தாம் அல்லது ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வகுப்போடு சேர்ந்து காட்டு முகாமுக்குப் போய்த் தங்கி, மண், நீர், தாவரம், விலங்கு ஆகியவற்றை நேரில் பார்த்துப் படிக்கிறார்கள். 1950-களின் கடைசியில் சோதனையாகத் தொடங்கியது, 1960-களில் போர்ட்லாந்து இருக்கும் மல்ட்னோமா மாவட்டத்தில் வேரூன்றிவிட்டது. இங்கே பிறந்து வளர்ந்த என் வயதுக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால், முகாமில் கழுத்தில் தொங்கவிட்டிருந்த வட்ட மரத்துண்டுப் பெயர் அட்டையை இன்னும் வைத்திருப்பதாகச் சொல்வார்கள். ஆனால் பள்ளிகளுக்குப் பணத்தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் முதலில் கத்தி விழுந்தது இதன் மேல்தான். நாட்களைக் குறைத்தார்கள்; சில ஊர்களில் அடியோடு நிறுத்தினார்கள்; எங்கே பெற்றோர் சங்கம் பணம் திரட்ட முடிந்ததோ அந்தப் பள்ளிகளில் மட்டும் தொடர்ந்தது. மரங்கள் சூழ்ந்த ஒரு மாநிலத்திலேயே, காட்டில் ஓர் இரவு தங்குவது காசுள்ள வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு மட்டும் உரியதாகிவிட்டது.

2015-இல் மாநிலச் சட்டமன்றம் இதற்கென்று ஒரு சட்டம் இயற்றியது, ஆனால் அதோடு பணம் ஒதுக்கவில்லை. பணமில்லாத சட்டத்தின் கதை உனக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் ஆர்வலர்கள் கையெழுத்துத் திரட்டி, 2016 நவம்பரில் 'மெஷர் 99' என்ற பெயரில் நேரடியாக வாக்காளர்களிடமே கேட்டார்கள்: மாநில லாட்டரி வருமானத்தில் 4 சதவீதத்தை, ஆண்டுக்கு 2.2 கோடி டாலர் வரை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு வாரம் அவுட்டோர் ஸ்கூல் கிடைப்பதற்காக ஒதுக்கலாமா? வாக்களித்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆம் என்றார்கள். குடியரசுத் தலைவர் தேர்தல் நடந்த அதே நாளில், நாடே இரண்டாகப் பிளந்து கிடந்த நேரத்தில், ஒரு விஷயத்தில் இத்தனை பேர் ஒன்றுபட்டார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. எதிர்த்தவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பணம் தொழில் வளர்ச்சிக்கென்று இருந்த பங்கிலிருந்துதான் எடுக்கப்பட்டது. லாட்டரிப் பணம் என்பது எனக்கும் உறுத்தலாகவே இருக்கிறது; நம் ஊரில் 2003-இல் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தபோது, அதனால் கெட்டுப்போன குடும்பங்களைப் பார்த்திருந்த நாம் இருவரும் எப்படி மகிழ்ந்தோம் என்பது நினைவிருக்கும். பொது வரியிலிருந்து வந்திருக்க வேண்டிய பணம் இது என்றே இப்போதும் நினைக்கிறேன். மக்கள் வாக்களித்த பிறகும் 2017-இல் சட்டமன்றம் முதல் இரண்டு ஆண்டுகளுக்குச் சேர்த்து 2.4 கோடி டாலர்தான் கொடுத்தது. கேட்டதில் பாதியை விடச் சற்றே அதிகம், அவ்வளவுதான். இருந்தாலும் பணம் வரத் தொடங்கியது. ஒரேகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் விரிவாக்கப் பிரிவு அதைப் பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுக்கிறது.

சின்னவள் இந்த வசந்தத்தில் போய் வந்தாள். முகாமில் குழுக்களை வழிநடத்துபவர்களில் பலர் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள். அவர்கள் தங்கள் சொந்தப் பெயரை விட்டுவிட்டு மரம், பறவை, விலங்கு என்று ஏதாவது ஒரு முகாம் பெயரை வைத்துக்கொள்கிறார்கள். வந்த வாரமே, வீட்டுக்கு அருகில் ஓடும் சிற்றோடைக்கு என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். தண்ணீருக்குள் கையை விட்டு, உள்ளங்கை அகலக் கல் ஒன்றை மெல்லப் புரட்டினாள். அதன் அடிப்பக்கத்தில், விரல் நகத்தின் நீளத்தில், மணல் துணுக்குகளாலான ஒரு சின்னக் குழாய் ஒட்டிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து ஒரு புழு ஆறு கால்களை நீட்டித் துழாவியது. கேடிஸ் பூச்சியின் புழுவாம். தன் வாயிலிருந்து வரும் பட்டு இழையால் மணலையும் குச்சித் துணுக்கையும் ஒட்டித் தனக்குத் தானே வீடு கட்டிக்கொள்ளும். தண்ணீர் கெட்டுப்போனால் முதலில் காணாமல் போகும் உயிர்களில் இதுவும் ஒன்று என்பதால், இது இருந்தால் ஓடை நலமாக இருக்கிறது என்று பொருள் என்றாள். பிறகு கல்லை எடுத்த இடத்திலேயே, எடுத்த வாட்டத்திலேயே திரும்ப வைத்தாள். அவளுக்குக் கல்லை அப்படி வைக்க நான் சொல்லிக் கொடுத்ததில்லை. அத்தனை ஆண்டுகளாக அந்த ஓடையைக் கடந்து போய் வந்தும், அதற்குள் கையை விட்டுப் பார்க்க எனக்குத் தோன்றியதும் இல்லை.

அமெரிக்க மத்திய அரசு அளவில் நடந்ததும் உனக்குப் பயன்படும். 2002-இல் இங்கே வந்த பள்ளிக் கல்விச் சட்டம் மூன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை ஆண்டுதோறும் வாசிப்பிலும் கணக்கிலும் தேர்வு வைத்தது. தேர்வில் வராததற்கு நேரமில்லை என்று வகுப்பறைக் கதவுகள் மூடிக்கொண்டன. அதற்கு மறுமொழியாக, பிள்ளைகளை வீட்டுக்குள் அடைத்து வைக்கக் கூடாது என்ற பொருள்படும் பெயரோடு ஒரு மசோதாவை மேரிலாந்து மாநிலத்தின் கீழவை உறுப்பினர் ஜான் சார்பேன்ஸும் செனட்டர் ஜாக் ரீடும் கொண்டுவந்தார்கள். 2008 செப்டம்பரில் கீழவையில் 293-க்கு 109 என்று நிறைவேறிய அது, செனட்டில் அப்படியே நின்றுவிட்டது. 2015-இல் ஒபாமா அரசு வேறொரு வழியைப் பிடித்தது: நான்காம் வகுப்புப் பிள்ளைகள் அனைவருக்கும் தேசியப் பூங்காக்களுக்கு ஓராண்டு இலவச அனுமதி, வண்டியில் வரும் குடும்பத்துக்கும் சேர்த்து. 2019-இல் அது சட்டமாகவும் ஆனது. நல்ல திட்டம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அனுமதிச் சீட்டு பூங்காவின் வாசலில்தான் உதவுகிறது. வாசல் வரை போகக் காரும் விடுமுறையும் இல்லாத குடும்பத்துப் பிள்ளைக்கு அதனால் என்ன ஆகும்? பள்ளிகளின் பயணச் செலவுக்குத் தேசியப் பூங்கா அறக்கட்டளை தனியே நிதி திரட்டிக் கொடுக்க வேண்டியிருந்தது.

பக்கத்து மாநிலமான வாஷிங்டனில் இன்னும் நுணுக்கமான ஒரு வேலை நடந்தது. நாள் முழுவதும் மரத்தடியிலேயே நடக்கும் மழலையர் பள்ளிகள் அங்கே நிறைய உண்டு. கட்டடம் இல்லாததால் அவற்றுக்கு முழுநாள் உரிமம் கிடைக்கவில்லை. உரிமம் இல்லாததால் ஏழைக் குடும்பங்களுக்கான அரசுக் குழந்தைப் பராமரிப்பு உதவியை அங்கே பயன்படுத்த முடியவில்லை. ஆகவே வசதியுள்ள வீட்டுப் பிள்ளைகள்தான் மழையில் நனைந்து விளையாடினார்கள். 2017-இல் சோதனைத் திட்டம் ஒன்றைத் தொடங்கி, 2021-இல் திறந்தவெளி மழலையர் பள்ளிகளுக்கென்றே நிரந்தர உரிம முறையை உருவாக்கினார்கள். அமெரிக்காவில் அதுவே முதல் முறை. உரிம விதியில் செய்த ஒரு திருத்தம், அதுவரை வெளியே நின்ற குடும்பங்களுக்கு வழி திறந்துவிட்டது. இந்த மாதிரி வேலையைப் பார்க்கும்போதுதான் அரசு நிர்வாகத்தின் மேல் எனக்கு மதிப்பு கூடுகிறது.

இனி நம் பக்கம். சுற்றுச்சூழல் வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1991 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. திரையரங்குகளில் சுற்றுச்சூழல் குறித்த சிலைடு போடச் சொன்னதும் அதே தீர்ப்புதான். அது சரியாக நடைமுறைக்கு வரவில்லை என்று மேத்தா மீண்டும் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது. 2003-இல் மறுபடியும் உத்தரவு வந்தது. அந்த உத்தரவுகளை நான் மதிக்கிறேன். ஆனால் நடைமுறைக்கு வந்தபோது அது பெரும்பாலும் இன்னொரு புத்தகமாக, இன்னொரு தேர்வாகத்தான் வந்தது. உணவுச் சங்கிலியைப் படம் வரைந்து பாகம் குறித்து ஐந்து மதிப்பெண் வாங்கும் பிள்ளை, வேலியில் உட்கார்ந்திருக்கும் ஓணானை நின்று பார்க்க நேரமில்லாமல் டியூஷனுக்கு ஓடுகிறது. 2001-02-இல் தொடங்கிய தேசிய பசுமைப் படை இந்தக் குறையை அறிந்தே வந்த திட்டம். லட்சத்துக்கு மேற்பட்ட பள்ளிகளில் அது இருப்பது சிறிய சாதனை இல்லை. ஆனால் பணத்தைப் பார்: ஒரு பள்ளிக்கு ஆண்டுக்கு முதலில் 2,500 ரூபாய், பின்னர் 5,000 ரூபாய். மன்றத்தில் 50 பிள்ளைகள் என்றால் தலைக்கு 100 ரூபாய். அதில் ஒரு மரக்கன்றும் ஒரு பேரணிப் பதாகையும் வாங்கலாம். வேன் அமர்த்த முடியாது. ஆண்டுதோறும் ஜூன் 5 அன்று கன்று நட்டுப் புகைப்படம் எடுத்துக்கொள்வதோடு பல மன்றங்கள் நின்றுவிடுவதற்கு ஆசிரியர்களின் அக்கறைக் குறைவு காரணமென்று நான் ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உன் நிலைமை இதிலிருந்து ஒரு வகையில் மாறுபட்டது, அதனால்தான் எனக்கு நம்பிக்கை இருக்கிறது. உனக்கு வேனே தேவையில்லை. சுற்றுச்சுவரைத் தாண்டினால் ஏரிக்கரை. நாமக்கோழியும் முக்குளிப்பானும் நீர்க்காகமும் வகுப்பு நேரத்திலேயே கண்ணில் படும். இங்கே ஒரு பிள்ளைக்கு ஆயுளில் ஒரு வாரம் கிடைப்பதற்கே இத்தனை கோடி டாலரும் ஒரு வாக்கெடுப்பும் தேவைப்பட்டன. அந்த ஒரு வாரம் போதாது என்பதை அதை நடத்துபவர்களே அறிவார்கள். உன் பிள்ளைகளுக்கு வாரம்தோறும், கோடையில் வற்றுவதும் மழையில் நிரம்புவதுமாக, ஓர் ஏரியின் முழு ஆண்டே கிடைக்கும். உன்னைத் தடுப்பது பணம் இல்லை, பொறுப்பு பற்றிய அச்சம். அந்த அச்சத்தைக் கேலி செய்ய எனக்கு மனமில்லை. ஏரியிலும் குளத்திலும் மூழ்கி இறக்கும் பிள்ளைகளின் செய்தி ஒவ்வொரு கோடையிலும் வருகிறது. கையெழுத்துப் போடும் அதிகாரி அதை நினைத்துத்தான் கோப்பைத் தள்ளி வைக்கிறார். ஒரு பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அனுமதித்தவரும் அழைத்துப் போனவரும் மட்டுமே பதில் சொல்ல வேண்டும் என்ற நிலை இருக்கும்வரை எந்தச் சுற்றறிக்கையும் பிள்ளைகளை வெளியே கொண்டுவராது. இங்கே முகாமில் இத்தனை பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர், நீரோரத்தில் இன்ன முறை, முதலுதவிக்கு இன்னார் என்று எல்லாம் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்கிறது. அந்த விதிகளைக் கடைப்பிடித்த ஆசிரியர் தனியாக நிற்க வேண்டியதில்லை. நம் கல்வித் துறையிடம் கேட்க வேண்டியதும் இப்படி எழுதிவைத்த முறையைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே உன் விண்ணப்பத்தை வேறு விதமாக எழுதிப் பார். 'ஏரிக்கு அழைத்துச் செல்ல அனுமதி வேண்டும்' என்ற ஒற்றை வரிக்குப் பதிலாக, எந்த வழியாகப் போவீர்கள், கரையின் எந்தப் பகுதியில் மட்டும் நிற்பீர்கள், பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் வீதம் யார் யார் வருவார்கள், புறப்படும்போதும் திரும்பும்போதும் எப்படித் தலை எண்ணுவீர்கள், கயிறும் முதலுதவிப் பெட்டியும் யாரிடம் இருக்கும் என்பதையெல்லாம் ஒரு பக்கத்தில் குறித்துவிடு. யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள் என்பதை முதல் வரியிலேயே சொல். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்களின் ஒப்புதலைத் தீர்மானமாக வாங்கி இணைத்துவிட்டால், அந்த அதிகாரிக்கும் தாம் தனியாகக் கையெழுத்திடவில்லை என்ற தைரியம் வரும்.

எழுதியதும் நகல் ஒன்றை எனக்கு அனுப்பு. இங்குள்ள முகாம் விதிகளோடு ஒப்பிட்டு, விட்டுப்போனது ஏதாவது இருந்தால் குறித்து அனுப்புகிறேன். ஜூலைக் கடைசியில் குடும்பத்தோடு ஊருக்கு வருகிறோம். அதற்குள் அனுமதி கிடைத்துவிட்டால், உடன் வரும் பெரியவர்கள் பட்டியலில் என் பெயரையும் சேர்த்துக்கொள். அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்