அடித்தளத்துக்கும் கூரைக்கும் நன்கொடை வேண்டுகிறோம்

பேரன்புடையீர், வணக்கம்.

நம் ஊர் வீடுகளின் பரண்களிலும் பெட்டிகளிலும் கிடந்து, எங்களை நம்பி ஒப்படைக்கப்பட்ட ஓலைச்சுவடிகள், பழைய கணக்கேடுகள், கைத்தறிச் சேலைகள், கமலைச் சால்கள், கல்செக்குகள் ஆகியவற்றுக்கான அருங்காட்சியகக் கட்டடத்தின் வரைபடம் முடிவாகிவிட்டது. முகப்புக்கும் சுற்றுச்சுவருக்கும் உதவப் பலர் முன்வந்துள்ளனர். அவர்களுக்கு எங்கள் நன்றி. இப்போது நாங்கள் கேட்பது, கட்டி முடித்தபின் யார் கண்ணுக்கும் படாத வேலைகளுக்காக.

நமது மண் கரிசல். மழையில் உப்பி, கோடையில் கை நுழையுமளவுக்கு வெடிக்கும் இம்மண்ணில், ஆழமில்லாமல் கடைக்கால் போட்ட வீடுகளின் சுவர்களில் விரிசல் ஓடுவதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். வீட்டு விரிசலைப் பூசிக்கொள்ளலாம். சுவடி அறையில் விழும் விரிசல் வழியே ஈரமும் கரையானும் உள்ளே வந்துவிடும். பளுவும் சாதாரணமானதல்ல. குடியிருப்பு வீட்டின் தளம் சதுர மீட்டருக்கு 200 கிலோ தாங்குமாறு கணக்கிடுவது வழக்கம்; காட்சிக்கூடத்துக்கு அதைப்போல் இரு மடங்காவது வேண்டும். கருங்கல்லோ ஒரு கன மீட்டரே 2,600 கிலோ அளவுக்குக் கனக்கும். ஆகவே செக்குகளைத் தரைத்தளத்தில் தனி மேடைகளில் நிறுத்தி, கட்டடத்தை, மண் அசையும் மேல்மட்டத்தைக் கடந்து சுமார் 3.5 மீட்டர் ஆழம் இறங்கி அடியில் குமிழ்போல் விரியும் கான்கிரீட் தூண்களின்மேல் எழுப்பத் திட்டமிட்டுள்ளோம். ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிலையம் கரிசல் மண்ணுக்கு ஏற்றதென வளர்த்தெடுத்த முறை இது. செலவு கருதி இதைக் கைவிடலாம் என்ற யோசனையை நாங்கள் ஏற்கவில்லை.

அடுத்தது கூரையும் ஒளியும். வெட்டவெளியில் நண்பகல் வெயில், ஒளியை அளக்கும் லக்ஸ் என்ற அலகில், 1,00,000 வரை எட்டும். சுவடிக்கும் சாயத்துணிக்கும் அருங்காட்சியகங்கள் பொதுவாகக் கொள்ளும் வரம்பு 50 லக்ஸ்தான். வெளுத்த சாயம் மீளாது. அதற்காக இருட்டில் வைத்தால் பார்க்க வருவோருக்கு எதுவும் தெரியாது. லூயி கான் வடிவமைத்து 1972இல் அமெரிக்காவின் ஃபோர்ட் வொர்த் நகரில் திறக்கப்பட்ட கிம்பெல் கலை அருங்காட்சியகத்தில், வளைகூரையின் உச்சியில் நீளப் பிளவு விட்டு, அதன்கீழ் அலுமினியத் தகடுகளைத் தொங்கவிட்டு, வெயிலைக் கூரையின் உட்புறத்துக்கே திருப்பி, பரவிய ஒளியை மட்டும் கூடத்தில் இறங்கச் செய்தார்கள். அவ்வளவு நமக்குக் கட்டுப்படியாகாது. செட்டிநாட்டு வீட்டமைப்பைத் தழுவி 2023இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகம் காட்டும் வழியே நமக்கு உகந்தது: முற்றத்தில் விழும் வெளிச்சம் தாழ்வாரத்தில் தணிந்து கூடத்துக்கு வரும். நமது சுவடி அறைக்குச் சன்னலே கிடையாது.

பகலில் ஓடி இரவில் நிற்கும் குளிர்சாதனம் ஈரப்பதத்தை ஏற்றி இறக்கி ஓலையை நொறுக்கிவிடும் என்பதால், இரட்டைச் சுவரையும், சுர்க்கி (செங்கல்தூள்) போட்டுத் தட்டோடு பதித்த கூரையையுமே முதலில் நம்பியிருக்கிறோம். மழைநீர்க் குழாய் எதுவும் சுவடி அறையின்மேல் செல்லாது.

பெயர்ப்பலகை பதிக்க இடமில்லாத வேலைகள் இவை. எனினும் நன்கொடையாளர் அனைவரின் பெயர்களும், தொகை குறிக்கப்படாமல், பார்வையாளர் பதிவேட்டின் முதற்பக்கங்களில் எழுதப்படும். ஐப்பசி மழைக்குமுன் தூண் வேலை முடிய வேண்டியிருப்பதால், ஆடி இறுதிக்குள் தங்களால் இயன்றதைக் குழுவிடம் தந்து ரசீது பெற்றுக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். சிமென்ட், கம்பி, செங்கல், ஆள்வேலை எதுவாயினும் நன்றியுடன் பெற்றுக்கொள்வோம். வரவு செலவு மாதந்தோறும் நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டப்படும்.

இங்ஙனம்,
அருங்காட்சியகக் கட்டடக் குழுவினர்