கோடைப் படங்களும் ஆர்.ஆர். இசையும்: செயலாளரின் 2025ஆம் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் ஐயா அவர்களுக்கும், பொருளாளர் அக்காவுக்கும், மாட்டுப் பொங்கல் அலைச்சல் தீர்வதற்குள் வண்டி கட்டி வந்திருக்கும் உறுப்பினர்கள் எல்லோருக்கும் வணக்கம். கோபி வட்டாரத்துத் திரையிசை ரசிகர்களான நம் சங்கத்தின் 2025ஆம் ஆண்டறிக்கையை வாசிக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் அக்கா தனியாகப் படிப்பார். மாதக் கூட்டங்கள் புரட்டாசி ஒன்று தவிர எல்லாம் நடந்தன. அந்த மாதம் மழை விடவில்லை.

முதலில் அஞ்சலி. ஜனவரி 9 அன்று பாடகர் பி. ஜெயச்சந்திரன் மறைந்தார். அக்டோபரில் சபேஷ்-முரளி இரட்டையரில் சபேஷ் மறைந்தார். பாட்டுக்கு ஒருவர் இசையமைக்க, படத்தின் பின்னணி இசையை மட்டும் வேறொருவர் செய்யும் வழக்கம் தமிழில் உண்டு. அந்த வேலையைப் பல படங்களுக்குச் செய்து கொடுத்தவர்கள் இந்த இரட்டையர். 'ஆட்டோகிராப்' பார்த்துக் கண் கலங்கியவர்களில் எத்தனை பேருக்கு அந்த ஆர்.ஆர். (ரீ-ரெக்கார்டிங், அதாவது பின்னணி இசை) அவர்களுடையது என்று தெரியும்? நமக்கே போன வருஷம்தான் தெரிந்தது.

அப்புறம் நம் ஆபரேட்டர் அண்ணன். ஐப்பசியில் அவரை இழந்தோம். டூரிங் டாக்கீசில் சின்னப் பையனாகச் சேர்ந்து, பிறகு நம் ஊர் தியேட்டரில் கடைசி ஃபிலிம் பெட்டி வரும் வரைக்கும் மெஷின் ஓட்டியவர். கார்பன் குச்சியை எரித்து வரும் வெளிச்சத்தில், இரண்டு ப்ரொஜெக்டரை மாற்றி மாற்றி ஓட்டிய காலம் அது. ஆயிரம் அடி ரீல் ஒன்று சுமார் 11 நிமிடம் ஓடும். முடியப் போகிறது என்பதற்குத் திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி வந்து மறையும். "நான் புள்ளியப் பாத்ததே இல்லீங்க. புல்லாங்குழல் வந்துட்டா அடுத்த மெஷினுக்குக் கார்பனைப் பத்த வெக்கோணும்னு தெரியும்" என்பார். மெஷின் இரைச்சலுக்கு நடுவே, சுவரில் மாட்டிய ஒரு சின்ன ஸ்பீக்கர் வழியாக, ஒரே படத்தை ஒரு நாளைக்கு நாலு காட்சி கேட்ட காது அது. படத்தைப் பார்க்காமல் அதன் இசையை மனப்பாடம் செய்த மனிதர். இந்த ஆண்டு கோடையில் நாம் செய்த எல்லாவற்றுக்கும் அவர் சொன்னதுதான் அடிப்படை. அதனால்தான் இந்த அறிக்கையில் மற்றதையெல்லாம் விட்டு, கோடை ஒப்பீட்டை மட்டும் விரிவாக எழுதியிருக்கிறேன்.

ஒவ்வொரு கோடைக்கும் வந்த படங்களில் எது சிறந்த இசை என்று ஓட்டுப் போடுவது நம் பழைய வழக்கம். உண்மையைச் சொன்னால் இத்தனை வருஷமும் நாம் போட்டது பாட்டுக்கான ஓட்டு. கோடையில் எந்தப் பாட்டு பஸ்ஸில் அதிகம் ஒலித்ததோ அதுதான் ஜெயித்தது. போன ஆண்டுப் பொதுக்குழுவில் ஆபரேட்டர் அண்ணன் எழுந்து, "பாட்டு அஞ்சு ரீல்தானுங்க, மிச்சம் பதினோரு ரீலுக்கு வாசிச்சவங்களுக்கு ஒரு ஓட்டும் இல்லீங்களா?" என்று கேட்டார். யாருக்கும் பதில் வரவில்லை. இந்த ஆண்டு பின்னணி இசைக்கு மட்டும் ஓட்டு என்று அன்றைக்கே தீர்மானம் போட்டோம்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை சாயந்திரங்கள் ஒதுக்கினோம். ஒரு மண்டபத்தின் சாப்பாட்டு ஹாலுக்கு முன்பணமும் கட்டினோம். முகூர்த்த நாள் என்று சொல்லி, முதல் கூட்டத்துக்கு நாலு நாள் இருக்கும்போது கையை விரித்துவிட்டார்கள். முன்பணம் திரும்பி வர ஆடி ஆனது. அப்போது கைகொடுத்தவர் நம் மஞ்சள் வியாபாரி உறுப்பினர். தன் கிடங்கைத் திறந்துவிட்டார்.

அந்தக் கிடங்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். தகரக் கூரை, நீளமான அறை, மூன்று பக்கச் சுவரிலும் ஆள் உயரத்துக்கு மேல் விரலி மஞ்சள் மூட்டை. நம் ஸ்பீக்கரைப் போட்டுப் பார்த்தவுடனே எல்லோரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மண்டபத்தில் எப்போதும் வரும் அந்த எதிரொலி துளியும் இல்லை. சாக்கு அத்தனையையும் விழுங்கிவிட்டது. ஒரு வயலின் வில் தந்தியில் ஏறுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் நெடியில் இரண்டு பேருக்குத் தும்மல் வந்ததைத் தவிர குறை சொல்ல ஒன்றுமில்லை.

கேட்கும் முறையையும் ஆபரேட்டர் அண்ணனிடமிருந்தே எடுத்தோம். ஒரு காட்சியை முதலில் சத்தமில்லாமல் பார்ப்பது. அடுத்து விளக்கை அணைத்து, படமில்லாமல் சத்தத்தை மட்டும் கேட்பது. கடைசியாக இரண்டையும் சேர்த்து. ஒவ்வொரு காட்சிக்கும் மூன்று முறை. பொறுமை வேண்டும்தான், ஆனால் மூன்றாவது முறை பார்க்கும்போது அது வேறு காட்சியாகத் தெரிந்தது.

முதல் சாயந்திரம், சித்திரையில், 1989 கோடை. ஏப்ரல் 14 அன்று 'அபூர்வ சகோதரர்கள்', ஜூன் 16 அன்று 'கரகாட்டக்காரன்'. இரண்டுக்கும் இளையராஜா. இரண்டு மாத இடைவெளியில் ஒரே கையிலிருந்து வந்த, ஒன்றோடொன்று ஒட்டாத இரண்டு உலகங்கள். முதல் படத்தில் அப்பு பொறி வைத்துப் பழிவாங்கும் காட்சியை எடுத்துக்கொண்டோம். ஒன்றை இன்னொன்று தட்டிவிட்டு நகரும் அந்த வேலைப்பாட்டைச் சத்தமில்லாமல் பார்த்தபோது பிள்ளைகள் சிரித்தார்கள். இசையோடு பார்த்தபோது சிரிப்பு நின்றுபோனது. அப்புவின் கோபம் படத்தில் அவன் முகத்தில் இருப்பதைவிட இசையில் அதிகம் இருக்கிறது என்று கல்லூரி மாணவி ஒருவர் சொன்னதை நான் குறித்து வைத்திருக்கிறேன்.

'கரகாட்டக்காரன்' வந்தபோது நம் தவில்காரர் உறுப்பினர் பேசியதுதான் அன்றைய நாளின் பெரிய லாபம். கோயில் திருவிழாக்களுக்கு இத்தனை வருஷம் வாசித்தவர். "இதுல ரெண்டு மேளம் இருக்குதுங்க. ஒண்ணு ஊருக்குக் கேக்கற மேளம், படத்துல நிக்கிற சனமெல்லாம் கேக்குது. இன்னொண்ணு நமக்கு மட்டும் கேக்கற மேளம், அங்க நிக்கிற ஒருத்தனுக்கும் கேக்காது. எது எப்ப முடிஞ்சு எது ஆரம்பிக்குதுன்னு பாருங்க" என்றார். திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஆட்டக்களத்தில் வாசிக்கிற கைகளோடு மேளம் போகும் இடமும், அந்தக் கைகளை விட்டுக் கதாநாயகி காமாட்சியின் மனசுக்குள் இசை போய்விடும் இடமும் தெளிவாகப் பிரிந்து தெரிந்தன. அன்றிலிருந்து "ஊர் மேளம்", "நம்ம மேளம்" என்பவை சங்கத்தில் புழங்கும் சொற்களாகிவிட்டன.

இரண்டாவது சாயந்திரம், வைகாசியில், அமெரிக்காவின் 1982 கோடை. நமக்குப் பள்ளி விடுமுறையை நம்பிப் படம் வருவதுபோல அங்கேயும் மே மாதத்தில் ஆரம்பித்துப் பெரிய படங்களை இறக்குவார்கள். அந்த ஒரு ஜூனில் வந்தவற்றைப் பாருங்கள். ஜூன் 4 அன்று ஜேம்ஸ் ஹார்னரின் இசையில் 'ஸ்டார் ட்ரெக்' இரண்டாம் பாகம், அதே நாளில் ஜெர்ரி கோல்ட்ஸ்மித்தின் 'போல்டர்கைஸ்ட்'. 11ஆம் தேதி ஜான் வில்லியம்ஸின் 'ஈ.டி.'. 25ஆம் தேதி ஒரே நாளில் வாஞ்செலிஸின் 'பிளேடு ரன்னர்', என்னியோ மோரிக்கோனேயின் 'தி திங்'. ஹார்னருக்கு அப்போது வயது 28. அந்தக் கடைசி இரண்டு படங்களும் அன்றைக்குத் தியேட்டரில் ஓடவில்லை. வாஞ்செலிஸின் இசை அவருடைய ஆல்பமாக முறைப்படி வெளிவரவே 1994 ஆனது. ஆஸ்கர் 'ஈ.டி.'க்குப் போனது.

அண்டார்டிகா பனியில் நடக்கும் 'தி திங்' காட்சியில் மோரிக்கோனே வைத்திருப்பது நாடித் துடிப்பு மாதிரி தாழ்ந்த ஓர் அடி, அவ்வளவுதான். வெளியே 38 டிகிரி வெயிலடித்த நாளில் உள்ளே எல்லோரும் பனிக்குள் உட்கார்ந்திருந்தோம். ஆனால் அன்றைய நாளை 'ஈ.டி.' எடுத்துக்கொண்டது. அதற்குக் காரணமே வேறு.

பூமியில் தனியாக விடப்பட்ட ஒரு வேற்றுக்கிரக உயிருக்கும் ஒரு சிறுவனுக்கும் வரும் நட்புதான் அந்தப் படம். அதன் கடைசிப் பதினைந்து நிமிடம் சைக்கிள் துரத்தலில் தொடங்கிப் பிரிவில் முடிகிறது. ரெக்கார்டிங்கில் படத்தின் ஒவ்வொரு வெட்டுக்கும் இசை பொருந்த வேண்டும் என்று வில்லியம்ஸ் திரும்பத் திரும்ப வாசித்துப் பார்த்தும் சரியாக அமையவில்லை. இயக்குநர் ஸ்பீல்பெர்க் திரையை அணைக்கச் சொல்லிவிட்டு, கச்சேரி மேடையில் வாசிப்பதுபோல உங்கள் மனம் போகிறபடி நடத்துங்கள் என்றார். அப்படி வாசித்ததற்குத் தகுந்தாற்போலப் படத்தை மறுபடி வெட்டிச் சேர்த்தார். இசைக்குப் படம் வழிவிட்ட இடம் அது. இதை நான் படித்துச் சொல்லி முடித்து, காட்சியைப் போட்டு, சைக்கிள்கள் மேலே எழும்பும் நேரத்தில் கரண்ட் போய்விட்டது.

ப்ரொஜெக்டர் இன்வெர்ட்டரில் இல்லை. ஸ்பீக்கர் இருந்தது. லேப்டாப் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது. திரை கறுத்துப்போக, இசை மட்டும் ஒரு நொடிகூட நிற்காமல் போனது. எழுந்து நிறுத்தப் போன என்னைத் தலைவர் ஐயா கையைப் பிடித்து உட்கார வைத்தார். வில்லியம்ஸ் முன்னால் திரை அணைந்திருந்ததைப் போல எங்கள் முன்னாலும் அணைந்திருந்தது. கிடங்கு முழுக்க இருட்டு, மஞ்சள் வாசம், கொம்பு வாத்தியங்களும் வயலின்களும். கரண்ட் வந்தபோது படம் முடிந்து பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் பேசவில்லை. ஆபரேட்டர் அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "எனக்குப் படம் முழுசும் தெரிஞ்சுதுங்க" என்றார். அவர் அந்தப் படத்தை அதற்கு முன் பார்த்ததில்லை. அவர் வந்த கடைசிக் கூட்டமும் அதுதான். ஆனியில் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

மூன்றாவது சாயந்திரம் நம்முடைய 2025 கோடை. ஏப்ரல் 10 அன்று வந்த 'குட் பேட் அக்லி' முதல் ஜூன் 20 அன்று வந்த 'குபேரா' வரை கணக்கில் எடுத்தோம். முதல் படத்துக்கு நம்மில் பாதிப் பேர் முதல் நாளே போனவர்கள். விசிலில் ஆர்.ஆர். ஒன்றும் காதில் விழவில்லை என்பதால் ஜி.வி. பிரகாஷின் வேலையை அன்றைக்குத்தான் உண்மையில் கேட்டோம். சூரி நடித்த 'மாமன்' படத்துக்கு ஹேஷாம் அப்துல் வஹாப் செய்திருப்பதைப் பெண் உறுப்பினர்கள் விட்டுக்கொடுக்காமல் பேசினார்கள்.

'தக் லைஃப்' விஷயத்தில் ஒரு விதியே போட வேண்டி வந்தது. 'முத்த மழை' பாட்டுக்கு, பாடகி தீ பாடியதா சின்மயி மேடையில் பாடியதா என்று ஊரே இரண்டாக நின்றது. ஜூன் 5 அன்று தியேட்டருக்குப் போனால் அந்தப் பாட்டு படத்திலேயே இல்லை. அதற்காகவே ரகுமானுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்றவர்களும் இருந்தார்கள், அதற்காகவே போடக் கூடாது என்றவர்களும் இருந்தார்கள். திரையில் ஒலித்தது மட்டுமே கணக்கு என்று முடிவு செய்தோம். பாட்டை நானும் மனசார ரசிக்கிறேன். ஆனால் படத்தில் இல்லாததைப் படத்தின் இசை என்று எப்படி எடைபோடுவது?

கடைசியில் மே 1 அன்று ஒரே நாளில் வந்த இரண்டு படங்களுக்கு நடுவே போட்டி நின்றது. சந்தோஷ் நாராயணனின் 'ரெட்ரோ', ஷான் ரோல்டனின் 'டூரிஸ்ட் ஃபேமிலி'. இளைஞர்கள் முழுக்க முதல் பக்கம். நான் இரண்டாவது பக்கம். அதில் இலங்கையிலிருந்து ராமேசுவரம் கரையில் இரவோடு இரவாக ஒரு குடும்பம் வந்து இறங்குகிறது, போலீஸிடம் மாட்டுகிறது. பயமும் சிரிப்பும் ஒரே மூச்சில் வர வேண்டிய காட்சி. இசை கொஞ்சம் அதிகம் அழுதிருந்தால் சிரிப்பு செத்திருக்கும், கொஞ்சம் அதிகம் துள்ளியிருந்தால் அந்தக் குடும்பத்தின் கஷ்டம் கேலியாகியிருக்கும். இரண்டுக்கும் நடுவே அடக்கி வாசித்து, பேச்சுக்கு இடம் விட்டு ஒதுங்கி நிற்பது சின்ன வேலை இல்லை. என் ஓட்டு அதற்குத்தான், இப்போதும் மாறவில்லை. ஒரே ஓட்டு வித்தியாசத்தில் 'டூரிஸ்ட் ஃபேமிலி' ஜெயித்தது.

ஆனால் ஒரு நியாயமான ஆட்சேபம் பதிவாகியிருக்கிறது, அதைச் சபை கவனிக்க வேண்டும். மஞ்சளுக்கு நல்ல விலை கிடைத்ததால் ஆனிக்குள் மூட்டைகள் எல்லாம் ஈரோட்டு மார்க்கெட்டுக்குப் போய்விட்டன. சுவர் வெறுமையாக நின்றது. எதிரொலி திரும்ப வந்துவிட்டது. 'ரெட்ரோ'வின் ஆர்.ஆர். கனத்த தாழ்ந்த ஒலிகளை நம்பி நிற்பது, வெறும் கிடங்கில் அது குழம்பிக் கூழாகிவிட்டது, மெல்லிய இசைக்கு அந்தப் பாதகம் இல்லை என்று இளைஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள். அன்று என் காதுக்கும் அப்படித்தான் பட்டது. ஆகவே முடிவை நிறுத்தி வைத்து, பங்குனியில் புது மஞ்சள் வந்து கிடங்கு நிறைந்ததும் இரண்டு படங்களையும் மறுபடி கேட்டு ஓட்டெடுக்க நிர்வாகக்குழு பரிந்துரைக்கிறது.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உறுப்பினர்கள் வீட்டுப் பரணிலிருந்து வந்த கேசட்டுகளைத் துடைத்து, பெயர் எழுதி, கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை பாதி முடிந்திருக்கிறது. பூஞ்சை பிடித்தவற்றைத் தனியாக வைத்திருக்கிறோம், தூக்கிப் போட வேண்டாம். ஆபரேட்டர் அண்ணன் குடும்பத்தார், அவர் ரீல் ஒட்டப் பயன்படுத்திய ஸ்ப்ளைஸரையும் கார்பன் குச்சிகள் இரண்டையும் சங்கத்துக்குக் கொடுத்திருக்கிறார்கள். அவை இன்று மேசையில் இருக்கின்றன, கூட்டம் முடிந்து எல்லோரும் பார்க்கலாம்.

வரும் கோடைக்கு ஒரு பெரிய வேலை இருக்கிறது. 1976 மே 14 அன்று வந்தது 'அன்னக்கிளி', இளையராஜாவின் முதல் படம். 2026 மே மாதத்தோடு 50 ஆண்டு. அதுவும் ஒரு கோடைப் படம், அதுவும் நம் பக்கத்துத் தெங்குமரஹடாவில் எடுத்த படம். அங்கே போய், ஆற்றங்கரையில் உட்கார்ந்து, அதன் ஆர்.ஆர். இசையை நம் முறைப்படி கேட்க ஆசை. பவானிசாகர் வழியாகக் காட்டுக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். காட்டுக்குள் ஸ்பீக்கர் வைத்துச் சத்தம் போடக் கூடாது, அதனால் ஆளுக்கொரு ஹெட்போன் கொண்டுவர வேண்டியிருக்கும். மாயாற்றில் தண்ணீர் இருந்தால் பரிசலில்தான் கடக்க வேண்டும். அனுமதிக் கடிதத்தில் பெயர்ப் பட்டியல் சேர்க்க வேண்டியிருப்பதால், வர விரும்புகிறவர்கள் இன்றே பொருளாளர் அக்காவிடம் ஆதார் நகலோடு பெயர் கொடுத்துவிடுங்கள். தவில்காரர் ஐயா முதல் பெயரைக் கொடுத்துவிட்டார்.

அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.

செயலாளர்